கீழ் லூப்பர் கொக்கி: ஓவர்லாக் மெஷினோடு மூன்று வருடம்

விலை இறங்கியதிலிருந்து ஒரே கேள்வி: “அக்கா, உங்க வீட்ல இருக்கற அதே சுர்ஜெத்தேஸ்தானே, எடுக்கலாமா?” அதேதான். மொரீஷியஸில் ஓவர்லாக் மெஷினுக்கு நாம் சொல்லும் பிரெஞ்சுப் பெயர் அது: துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே பிசிறு வராமல் நூலால் சுற்றித் தைக்கும் மெஷின். நான்கு நூல், இரண்டு ஊசி, நிமிடத்துக்கு 1300 தையல், 0.7 முதல் 2 வரை டிஃபரன்ஷியல் ஃபீட் (துணியை உள்ளே தள்ளும் வேகத்தை மாற்றும் டயல்). கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் வருகிற மெஷின்களின் வயிறு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். கத்தி மாற்றிக்கொண்டு போன வாரம்தான் திரும்பி வந்தது, கோபமும் இன்னும் ஆறவில்லை. அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

தையலைப் பற்றிச் சொல்லக் குறை எதுவும் கிடையாது. குறை முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது. லூப்பர் என்பது துணியின் ஓரத்தில் நூலை வளைத்துக் கொண்டுபோகும் வளைந்த கம்பி, மேலே ஒன்று, கீழே ஒன்று. முன்மூடியைத் திறந்தால் கீழ் லூப்பரின் இடது மூலையில், கைக்கு எட்டாத ஆழத்தில், அரிசி அளவுக்கு ஒரு கொக்கி. நூல் அதில் விழுந்தே ஆகவேண்டும். விலை கூடிய மெஷின்களில் ஒரு சின்ன நெம்புகோல் அந்த நூலைத் தானே அங்கே கொண்டுபோய் மாட்டிவிடும், சிலவற்றில் காற்றே நூலை உள்ளே ஊதிவிடுகிறது. இதில் இடுக்கியும் உங்கள் பொறுமையும்தான்.

முறை இது. கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகவே சுற்றுங்கள், எதிர்ப்பக்கம் சுற்றினால் உள்ளே நூல் சிக்கும். கீழ் லூப்பரின் முனை வலப்பக்கம் முழுவதும் வெளியே வந்ததும் நிறுத்துங்கள். நூலைக் கொக்கிக்கு ஒரு விரற்கடை மேலே இடுக்கியால் பிடித்து, இடமாகக் கொண்டுபோய்க் கீழே இறக்கி, லேசாக வலப்பக்கம் இழுங்கள். விழுந்தால் சின்னதாக ஒரு தடங்கல் கையில் தெரியும். தெரியாவிட்டால் விழவில்லை, அவ்வளவுதான். விழுந்த மாதிரி இருக்கிறதே என்று நம்பி லூப்பர் முனைக் கண்ணில் கோர்த்துவிட்டால், முதல் நாலு அங்குலம் ஒழுங்காகத் தைத்துவிட்டுப் பிறகுதான் தையல் விட ஆரம்பிக்கும். அந்த நாலு அங்குலம்தான் ஆளை ஏமாற்றுகிறது. டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், கோளாறு என்று நினைத்து நான்கு டயலையும் திருகிக் குழப்பிவிடுவோம்.

கோர்க்கும் வரிசை: மேல் லூப்பர், கீழ் லூப்பர், வலது ஊசி, கடைசியில் இடது ஊசி. வரிசை வெறும் வழக்கம் இல்லை, காரணம் இருக்கிறது. கீழ் லூப்பர் நூல் மட்டும் அறுந்தால் அதை மட்டும் கோர்த்துவிடலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்போது ஊசி நூல்கள் ஏற்கனவே கீழே லூப்பரைச் சுற்றிக் கிடக்கும். புது நூல் அதற்கு அடியில் மாட்டிக்கொள்ளும். நாலு தையலில் ஊசி நூல் “டப்” என்று அறும். திரும்பக் கோர்த்தால் திரும்ப அறும். கீழ் லூப்பர் அறுந்தால் இரண்டு ஊசி நூலையும் கண்ணிலிருந்து உருவிவிட்டு, கீழ் லூப்பரைக் கோர்த்து, பிறகு ஊசிகளுக்கு வாருங்கள். வேறு வழி இல்லை. கூட வந்த புத்தகத்தில் இது பிரெஞ்சில் ஒரே வரியாக, அதுவும் கடைசிக்கு முந்தின பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்க வேண்டியது.

நிறம் மாற்றுவதற்காக முழுவதும் கோர்க்க வேண்டாம். கோன் (பெரிய நூல் உருளை) பக்கத்தில் பழைய நூலை வெட்டி, புது நூலை அதோடு முடிந்து, நான்கு டயலையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி ஒவ்வொன்றாக இழுத்தால் லூப்பர் நூல்கள் முடிச்சோடு வந்துவிடும். ஊசிக் கண்ணில் முடிச்சு நுழையாது, கண்ணுக்கு முன்னால் வெட்டிக் கையால் கோருங்கள். டயல் எந்த எண்ணில் இருந்தது என்பதை முதலில் ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். தொழிற்சாலையில் ஓவர்லாக் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. 1970-இல் ஏற்றுமதி மண்டலம் வந்து ஆடைத் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு மொரீஷியஸில் அப்படிப்பட்ட கைகளுக்குப் பஞ்சம் இல்லை. சொந்தத்தில் அப்படி ஒரு சித்தி இருந்தால் ஒரு மத்தியானம் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள், புத்தகத்தைவிட அவர் மேல். ஐயாயிரம் தையல் ஓடும் மெஷினில் உட்கார்ந்தவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் செய்யும் தவறு பெரும்பாலும் பின்னால் இருக்கும் நூல் கம்பத்தில்தான். அதை முழு உயரத்துக்கு இழுத்து, “கிளிக்” என்று நிற்கும்வரை திருப்ப வேண்டும். வளையங்கள் கோன்களுக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும். பாதி உயரத்தில் விட்டால் நூல் வெட்டி வெட்டி இழுபடும், டென்ஷன் எத்தனை வைத்தாலும் நிற்காது. சின்ன ரீல் போட்டால் தட்டு மூடி வையுங்கள். வழுக்கும் நைலான் நூல் என்றால் கோனுக்கு வலை போடுங்கள், இல்லாவிட்டால் அடியில் சரிந்து கம்பியைச் சுற்றிக்கொள்ளும்.

பிளக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். பிரான்சிலிருந்தோ ரீயூனியனிலிருந்தோ தம்பி கொண்டுவந்தது என்றால் உருண்டை இரண்டு முள் இருக்கும். நம் வீடுகளில் இரண்டு வகைச் சாக்கெட்டும் உண்டு, தொல்லை இல்லை. அமெரிக்காவிலிருந்து அன்பளிப்பாக வந்தால் மட்டும் அடித்தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட் என்று இருந்தால் நம் 230-இல் செருகாதீர்கள்.

ஊசி: 80 அல்லது 90 அளவு. எந்த வகை என்று மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கும், அதையே போடுங்கள். தட்டைப் பக்கம் பின்னால் பார்க்க, முட்டும்வரை மேலே தள்ளித் திருகுங்கள். சரியாக ஏறியிருந்தாலும் இடது ஊசி முனை வலதைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும், அதுதான் சரி. இரண்டையும் சமமாக்கப் போய் ஒன்றைத் தளர்த்தாதீர்கள்.

டென்ஷனுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. நான்கையும் 4-இல் வைத்து, லூப்பர் நூல் இரண்டு, ஊசி நூல் இரண்டு, நான்கையும் நான்கு நிறத்தில் போட்டு, காடாத் துணியில் ஒரு சாண் தையுங்கள். மேல் லூப்பர் நூல் ஓரத்தைத் தாண்டி அடிப்பக்கம் வந்தால் மேலை இறுக்குங்கள் அல்லது கீழைத் தளர்த்துங்கள். கீழ் லூப்பர் நூல் மேலே எட்டிப் பார்த்தால் அதற்கு எதிர்மாறு. இரண்டு லூப்பரும் துணியின் ஓரத்திலேயே கைகோர்க்க வேண்டும். தைத்த இரண்டு துண்டையும் விரித்து இழுக்கும்போது நடுவில் ஏணிப்படி மாதிரி நூல் தெரிந்தால் இடது ஊசி தளர்ந்திருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு டயல், அரை எண். இரண்டைச் சேர்த்துத் திருகினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

இப்போது, இந்த மெஷினை இன்னும் வீட்டில் வைத்திருப்பதற்கான காரணம். டீ-ஷர்ட் துணியில் கழுத்துப் பட்டி. சாதாரண மெஷினில் இழுபட்டு அலை அலையாக நிற்கும் அந்தக் கழுத்து, இதில் டிஃபரன்ஷியலை 1.5-க்குத் திருப்பியதும் கடையில் வாங்கியது போலப் படுத்துவிடுகிறது. துணியை அடியிலிருந்து நகர்த்தும் முன்பல்லும் பின்பல்லும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. முன்பல் துணியை அதிகமாக உள்ளே தள்ளுகிறது, பின்பல் குறைவாக வெளியே இழுக்கிறது, அதனால் துணி நீள வழியே இல்லை. கழுத்து வட்டம் 50 செ.மீ. என்றால் ரிப் பட்டி 40-லிருந்து 42, அதோடு தையலுக்கு 1.2 சேர்த்து வெட்டுங்கள். பட்டியையும் கழுத்தையும் நாலாகப் பிரித்துக் குறி வைத்து, பட்டியை மட்டும் இழுத்துக் குறியைக் குறியோடு சேர்த்துத் தையுங்கள். ஷிஃபான் ஓரம் சுருங்கினால் இதே டயலை 0.7-க்குக் கொண்டுவாருங்கள், இழுத்துப் பிடித்துத் தைக்கும். அந்த ஒரு டயலுக்காக மட்டும் முழுப் பணத்தையும் கொடுக்கலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு.

ஓரம் மெல்லியதாகச் சுருண்டு நிற்கும் ரோல் ஓரமும் அழகாக வருகிறது: இடது ஊசியைக் கழற்றி, தையல் விரலை (நூல் சுற்றி விழும் சின்ன உலோக முள்) உள்ளே இழுத்து, நீளம் 1-க்கு அருகே, கீழ் லூப்பர் 7. காவடிக்கு மஞ்சளிலும் ரோஜாவிலும் தைக்கும் துண்டு, தாவணி எல்லாவற்றுக்கும் அது போதும். ஒரு எச்சரிக்கை: ரவிக்கையின் பக்கத் தையலை நேராக ஓவர்லாக்கில் அடிக்காதீர்கள். வெட்டிய துணி திரும்பி வராது, நாளைக்குப் பிரித்துத் தளர்த்த இடம் இருக்காது. முதலில் சாதாரண மெஷினில் தைத்துவிட்டு, கத்தியைக் கீழே இறக்கி மடக்கி, பிசிறை மட்டும் அடியுங்கள்.

கத்திக்கு வருகிறேன். இரண்டு கத்தியில் கீழே நிற்பதுதான் சீக்கிரம் மழுங்கும், மேலே ஆடுவது கடினமான உலோகம். ஓரம் கடித்தது போல வந்தாலும் துணி வெட்டுப்படாமல் மடங்கினாலும் அதுதான். மழுங்குவதைச் சீக்கிரமாக்குவது குண்டூசி. ஒரே ஒரு குண்டூசி கத்தியில் மாட்டினால் பல் விழுந்துவிடும். கிளிப் வையுங்கள், அல்லது குண்டூசியை ஓரத்துக்கு இணையாக மூன்று செ.மீ. உள்ளே குத்துங்கள். மாற்றும்போது கீழ்க்கத்தியின் மேல்விளிம்பு ஊசித் தட்டோடு சமமாக நிற்க வேண்டும். கொஞ்சம் தாழ்ந்தாலும் வெட்டாது. திருகு ஒன்று, வேலை பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிட வேலைக்கு இரண்டு வாரம் கடையில் கிடந்தது என்பதைத் தனியாகச் சொல்கிறேன், கத்தி இருப்பில் இல்லையாம். வாங்குகிற அன்றே உபரியாக ஒரு கீழ்க்கத்தி கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஈரம் மிகுந்த மேட்டுநிலத்தில், கியூர்பிப், வாக்குவா பக்கம் இருப்பவர்கள் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று ஊசித் தட்டில் துரு பூக்கும். பருத்தி உறை போதும், உள்ளே சிலிக்கா பொட்டலம் இரண்டு. பஞ்சை பிரஷால் வழித்து எடுங்கள், ஊதாதீர்கள், ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும். டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் தடித்த பருத்தி நூலைப் பல் தேய்ப்பது போல முன்னும் பின்னும் இழுத்தால் போதும். உலோகம் உலோகத்தில் உரசும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய், பிறகு கழிவுத் துணியில் ஓட்டிப் பாருங்கள்.

ஆகவே வாங்கலாமா? மூன்று வருடத்தில் தையல் ஒருநாளும் காலை வாரவில்லை, மோட்டார் சூடாகவில்லை, கழுத்துப் பட்டி ஒவ்வொரு முறையும் படுத்தது. ஆனாலும் இறங்கிய விலைக்குக்கூட இதை எடுக்கச் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் சேர்த்துவைத்து, கீழ் லூப்பருக்கு நெம்புகோல் உள்ளதை எடுங்கள். கடையில் முன்மூடியைத் திறக்கச் சொல்லி, விற்கிறவரையே கீழ் லூப்பரைக் கோர்த்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் கண்ணாடியைத் தேடினால் எழுந்து வந்துவிடுங்கள்.

என்னுடையதை விற்கிறீர்களா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். விற்பதாக இல்லை.