தெர்மல் ஸ்கோப் என்று நம்பி 2,340 டாலரைத் தொலைத்தேன்: வாங்குவோர் கவனத்துக்கு

நேற்று மாலை, தெர்மல் ஸ்கோப் (துப்பாக்கியின் மேல் பொருத்தி இருட்டில் குறிபார்க்கும் கருவி) வாங்கிய கடையிலிருந்து வந்த மின்னஞ்சலில், என் 2,340 டாலரைத் திருப்பித் தர இயலாது என்றும், எனக்கு நேர்ந்த ‘சிரமத்துக்காக’ அடுத்த முறை வாங்கும்போது பத்து விழுக்காடு தள்ளுபடி தருவதாகவும் எழுதியிருந்தார்கள். அந்த ஆத்திரம் அடங்குவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். டெக்சஸில் ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, சொத்து வரியில் கிடைக்கும் வேளாண் சலுகைக்காகவோ ஆசைக்காகவோ ஆடு வளர்க்கும் நம்மவர்கள் சிலரை எனக்குத் தெரியும் என்பதால், ஆடு தூக்கும் கயோட்டி என்ற காட்டு விலங்குக்காக இரவுக் கருவி வாங்க நினைப்பவர்கள் எதையெதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை முழுமையாகச் சொல்லிவிடுவதே என் நோக்கம்.

எங்களிடம் இருபத்திரண்டு போயர் இன ஆடுகள் இருந்தன. பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் மூன்று குட்டிகளைக் கயோட்டி கொண்டுபோனது. கயோட்டி நம் ஊர் நரியை விடப் பெரியது, ஓநாயை விடச் சிறியது. டார்ச் வெளிச்சம் பட்ட மாத்திரத்தில் புல்லுக்குள் மறைந்து, விளக்கை அணைத்ததும் திரும்பி வரும். டெக்சஸில் இதைச் சுடுவதற்குப் பருவத் தடை கிடையாது. தனியார் நிலத்தில் இரவிலும் சுடலாம். பக்கத்துப் பண்ணைப் பெரியவர்தான் தெர்மல் ஸ்கோப் வாங்கச் சொன்னார். வெளிச்சமே இல்லாவிட்டாலும், உடம்பிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிரை வைத்தே அது உருவத்தைக் காட்டும். அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது. அதனால்தான் தெர்மல் ஸ்கோப்பின் முன் லென்ஸை ஜெர்மேனியத்தில் செய்கிறார்கள், விலையும் அப்படி ஏறுகிறது. இந்தக் கண்ணாடி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது, பெட்டி மட்டும் பிரிக்கப்பட்ட வேட்டைக் கருவிகளைக் குறைந்த விலைக்கு விற்பதாகச் சொல்லும் ஓர் இணையக் கடையில். 640க்கு 512 புள்ளி சென்சார், 50 மில்லிமீட்டர் லென்ஸ், 50 ஹெர்ட்ஸ் என்று உயர்தரக் கருவிக்குரிய விவரம் போட்டு, கூடவே கயோட்டியை வரவழைக்க முயல் அலறுவது போல ஒலி எழுப்பும் மின்னணு அழைப்பியும் துப்பாக்கியைப் பொருத்தும் முக்காலியும் சேர்த்து ஒரே விலை வைத்திருந்தார்கள். சந்தேகத்தோடுதான் தொலைபேசியில் அழைத்தேன். எதிர்முனையில் பேசியவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. எத்தனை ஆடு, குட்டிகள் எத்தனை நாள் வயது, வேலி எத்தனை அடி உயரம் என்று விசாரித்தார். தாமும் ஆடு வளர்ப்பவர் என்றார். மூன்று குட்டிகள் போனதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மிகவும் வருந்துகிறேன்” என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைச் சிறுவயதில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! அந்த மௌனத்தில்தான் நான் விழுந்தேன். கடன் அட்டையில் கட்டினால் கட்டணம் கூடும், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினால் 2,340 டாலரோடு முடிந்துவிடும் என்று அவர் சொன்னதும், பேசிக்கொண்டிருக்கும்போதே அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். ஸ்கோப்பை 100 கஜத்தில் ‘ஜீரோ’ செய்தே அனுப்புவார்களாம். அப்போதே நான் சிரித்திருக்க வேண்டும். குண்டு விழும் இடமும் ஸ்கோப்பின் குறியும் ஒன்றாகச் சேர்வதற்குப் பெயர்தான் ஜீரோ; என் துப்பாக்கி என் வீட்டு அலமாரியில் இருக்க, அவர்கள் எதில் பூட்டி, எந்தத் தோட்டாவைச் சுட்டு அதைச் செய்வார்கள்?

பொருள் ஒன்பது நாள் கழித்து வந்தது. முதல் இரவு, கொட்டகை அருகே நின்று பார்த்தபோது ஆடுகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன, கண்கள் விளக்குப் போல மின்னின, எனக்கு மகிழ்ச்சிதான். கண் மின்னியதே தவறு என்பது அப்போது உறைக்கவில்லை. வெளிச்சம் பாய்ச்சினால்தான் விலங்கின் கண் அப்படித் திருப்பி ஒளிரும். தெர்மல் எந்த வெளிச்சத்தையும் பாய்ச்சுவதில்லை. மறுநாள் இரவு ஒன்றரை மணிக்கு நாய் குரைக்கவும் நான் ஓடிவந்து, மேட்டுப் புல்வெளியை அந்த ஸ்கோப்பில் கால் மணி நேரம் அலசினேன். சாம்பல் நிறப் புகைமூட்டத்தைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. விடிந்ததும் எண்ணிப் பார்த்தால் நான்காவது குட்டி இல்லை.

அன்று மாலை, வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது, சமையலறைக்குள் நின்றபடி மூடிய சன்னல் கண்ணாடி வழியாக ஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். வெளியே நின்ற ஆட்டின் காதுப் பட்டையில் அச்சிட்ட 27 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. உண்மையான தெர்மலாக இருந்திருந்தால், கண்ணாடிக்கு அப்பால் எதுவும் தெரிந்திருக்காது. கண்ணாடியின் வெப்பமும், அதில் பிரதிபலித்த என் உருவமும்தான் தெரிந்திருக்கும். எனக்கு வந்தது, படத்தின் நிறத்தை மட்டும் தெர்மல் போல மாற்றிக் காட்டும் மலிவான டிஜிட்டல் நைட் விஷன் கேமரா. கடைக்காரர் தூரமானி என்று சொன்ன கீழ்ப்பக்கக் குமிழ், இருட்டில் மங்கலான சிவப்பாக ஒளிரும் அகச்சிவப்பு விளக்கு.

உடனே அழைத்தேன். முதல் நாள், மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்றார்கள். புதுப்பித்தேன்; தொடக்கத் திரையில் இருந்த படம் மட்டும் மாறியது. மூன்றாம் நாள், கண்ணாடி வழியாகத் தெரிவது ‘உயர்தர சென்சாரின்’ சிறப்பு என்று வேறொருவர் விளக்கினார். கேட்டபோது எனக்கு வாயடைத்துப் போனது. ஐந்தாம் நாள், திருப்பி அனுப்ப ஓர் அனுமதி எண் வேண்டும், அதைக் கொடுப்பவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். அந்த எண்ணைக் கேட்டு நான் எழுதிய மின்னஞ்சல்கள் ஆறு. கடைசியில் வந்த பதில், திருப்பி அனுப்புவதற்கான ஏழு நாள் கெடு கடந்துவிட்டது என்பது. அந்த ஏழு நாளை அவர்கள் எண்ணியது, பொருள் தங்கள் கிடங்கிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து. என் கைக்கு வந்து சேர்ந்ததோ ஒன்பதாம் நாள்! ஆடு வளர்ப்பதாகச் சொன்ன மனிதரைக் கேட்டால், அந்தப் பெயரில் தங்களிடம் யாருமே இல்லை என்கிறார்கள்.

வங்கியிலும் கைவிரித்துவிட்டார்கள். கணக்குக்குள் யாரும் புகுந்து திருடவில்லை, நானே அனுமதித்து அனுப்பிய பணம் என்பதால் 2,340 டாலரை மீட்க வழியில்லையாம். கடன் அட்டையில் கட்டியிருந்தால், கணக்கு அறிக்கை வந்த அறுபது நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவித்துப் போராடியிருக்கலாம். கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் (எஃப்.பி.ஐ.) இணையக் குற்றப் பிரிவில் புகார் பதிந்திருக்கிறேன். ஒப்புகை எண் வந்ததோடு சரி.

எல்லாவற்றையும் விரிவாக எழுத உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. கடன் அட்டை தவிர வேறு எந்த வழியிலும் பணம் கட்டாதீர்கள். பொருள் வந்த அன்றே சன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சோதியுங்கள். கண்ணாடிக்கு அப்பால் தெரிந்தால் அது தெர்மல் அல்ல. பல தெர்மல் கருவிகளில் அவ்வப்போது ‘டிக்’ என்று ஓர் ஒலி எழுந்து படம் ஒரு கணம் உறையும். அது பழுதல்ல, சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்வது. பெட்டி பிரித்ததிலிருந்து காணொளி எடுத்து வையுங்கள். மின்னணு அழைப்பியைப் பற்றித் தனியாக எழுதலாம் என்றிருந்தேன். எனக்கு வந்தது இரண்டே நாளில் ஊமையாகிவிட்டது. முக்காலி மட்டும் நன்றாக இருக்கிறது, 2,340 டாலருக்கு.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் தம் காவல் நாய்களில் ஒன்றைச் சில நாளைக்கு எங்கள் கொட்டகையில் விட்டிருக்கிறார். அதற்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன்.