ஸ்பிரிங்கா, சக்கரமா? வீட்டில் செய்யும் ஃபோம் டார்ட் துப்பாக்கிக்கு எது தோது

நுரையாலான குட்டி அம்பைச் சுடும் பொம்மைத் துப்பாக்கிதான் ஃபோம் டார்ட் துப்பாக்கி. அதைச் சொந்தமாகச் செய்ய உட்காருபவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது, டார்ட்டைக் காற்றால் தள்ளுவதா, சக்கரத்தால் வீசுவதா என்பதைத்தான். இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். முதல் துப்பாக்கி ஸ்பிரிங்காகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்பிரிங் வகையில் ஒரு குழாய், உள்ளே காற்றைத் தள்ளும் பிளஞ்சர் என்ற தண்டு, அதன் பின்னால் ஸ்பிரிங். விசையை அழுத்தினால் பிளஞ்சர் பாய்ந்து, அடைபட்ட காற்று டார்ட்டை உந்தும். சக்கர வகையில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே டார்ட்டைத் தள்ளிவிடுகிறோம். அவை கவ்வி வீசிவிடுகின்றன.

ஸ்பிரிங்கை நான் விரும்பக் காரணம், அதில் கோளாறு எங்கே என்று கையே சொல்லிவிடும். பேரல், அதாவது டார்ட் வெளியேறும் குழாயின் வாயை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு பிளஞ்சரைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். காற்றுத் தலையணையை அமுக்குவதுபோல் எதிர்த்து நின்றால் சரி. 'உஸ்' என்று இறங்கிவிட்டால் எங்கோ கசிகிறது. பிளஞ்சரில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் இரண்டு சுற்று டெஃப்லான் டேப், மேலே கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். இதைச் செய்யாமல் எடுத்த எடுப்பிலேயே கனமான ஸ்பிரிங்கை மாட்டுபவர்கள்தான் அதிகம். கசிவு அப்படியே இருக்கும், இழுத்த பிளஞ்சரைப் பிடித்து வைக்கும் கொக்கி மட்டும் உடையும். என் முதல் கொக்கியும் அப்படித்தான் போனது.

அடுத்து பேரல் நீளம். நீளம் கூடினால் வேகமும் கூடும் என்பது தவறு. காற்று தீர்ந்த பிறகும் டார்ட் குழாய்க்குள்ளேயே இருந்தால், உரசலும் பின்னால் உருவாகும் வெற்றிடமும் அதைப் பிடித்து இழுக்கும். 32 மி.மீ. உள்விட்டமும் 10 செ.மீ. ஓட்டமும் உள்ள பிளஞ்சர் சுமார் 80 கன செ.மீ. காற்றைத் தள்ளுகிறது. 13 மி.மீ. உள்விட்டமுள்ள பேரல் 20 செ.மீ. நீளத்தில் சுமார் 26 கன செ.மீ. பிடிக்கும். மூன்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கில் தொடங்கி, இரண்டிரண்டு செ.மீ.யாக அறுத்துச் சோதிப்பது நல்லது.

சக்கர வகையின் பலம் வேகமாகச் சுடுவது. ஒவ்வொரு முறையும் இழுத்துப் பூட்டும் வேலை இல்லை. ஆனால் டார்ட் எவ்வளவுதான் போனாலும் சக்கரத்தின் விளிம்பு வேகத்தைத் தாண்டாது. 33 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 25,000 முறை சுற்றினால் விளிம்பு நொடிக்கு 43 மீட்டர் ஓடும். டார்ட் அதற்குக் கீழேதான். இரண்டு சக்கரங்களின் இடைவெளியில் அரை மி.மீ. பிசகினாலும் போச்சு: அகலமானால் வழுக்கும், குறுகினால் நுரை கிழியும். அந்த நுணுக்கம் அறுத்து ஒட்டுகிற கைவேலையில் வராது. சக்கரக்கூட்டை முப்பரிமாண அச்சில் எடுப்பதுதான் வழி.

மின் பக்கமும் கவனம் வேண்டும். நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சாதாரண பென்சில் பேட்டரி அங்கே துவண்டுவிடும், மெல்லிய ஒயர் சுடும். லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு மாறுவதென்றால் ஒயரையும் சுவிட்சையும் தடிமனாக மாற்றிய பிறகே மாறுங்கள். மோட்டார் எத்தனை வோல்ட்டுக்கானது என்று பார்க்காமல் 11.1 வோல்ட்டைக் கொடுத்தால் கார்பன் பிரஷ் கருகிவிடும்.

டார்ட்டைப் பொறுத்தவரை 72 மி.மீ. முழு நீளத்தைவிட ஏறக்குறைய அதில் பாதி நீளமுள்ள குட்டை டார்ட் நேராகப் பறக்கிறது. வால் ஆட்டம் குறைவு. எந்த வகையானாலும் நுனி மென்மையாகவே இருக்கட்டும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் எதிரே நிற்க வேண்டாம். ஒரு கிராம் டார்ட்கூட நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் 0.8 ஜூல் ஆற்றலோடு வருகிறது. கண்ணுக்கு அது அதிகம்.

ஓடிக்கொண்டே சரமாரியாகச் சுட வேண்டும், சாலிடரிங்கும் கைவசம் என்றால் நேராகச் சக்கரத்துக்கே போகலாம். மற்றவர்கள் பிவிசி குழாயை வாங்கி, உள்ளங்கைச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.