கூகுள் ஸ்காலரா, ஸ்கோபஸா? நரம்பறிவியல் ஆய்வாளரின் மேற்கோள் கணக்குக்கு எது?

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வுகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்று எண்ணித் தரும் இணையத் தேடுதளங்கள் இவை இரண்டும்.

செலவு: ஸ்காலர் முழுக்க இலவசம். ஸ்கோபஸில் ஆசிரியர் பக்கத்தை மேலோட்டமாகச் சும்மா பார்க்கலாம்; முழு அலசலுக்கு நிறுவனச் சந்தா வேண்டும்.

எதை எண்ணும்: பயோஆர்கைவ் தளத்தின் முன்பதிப்பு (சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிடும் கட்டுரை), ஆய்வேடு, புத்தகம் என எங்கிருந்து வந்த மேற்கோளையும் ஸ்காலர் எண்ணும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்களோடு நின்றுவிடும். ஸ்காலர் எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஒருவரின் ஸ்காலர் எண்ணை இன்னொருவரின் ஸ்கோபஸ் எண்ணோடு ஒப்பிடுவது அநியாயம்.

பிழை: இங்கேதான் கவனம் வேண்டும். ஸ்காலர் தானாகவே கட்டுரைகளைச் சேர்க்கும், ‘எஸ். குமார்’ போன்ற பெயர் என்றால் இதயநோய்க் கட்டுரைகூட மூளை ஆய்வாளர் கணக்கில் ஏறிவிடும். அமைப்பில் தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். ஸ்கோபஸில் வேறு தொல்லை: முதலெழுத்து மாறினால் ஒரே ஆள் இரண்டு அடையாள எண்ணாகப் பிரிந்துவிடுவார். இணைக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க ஆர்கிட் எண்ணையும் கோத்துவிடுங்கள்.

எச்-குறியீடு: குறைந்தது 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 5 இருந்தால் குறியீடு 5, 10 மேற்கோளாவது பெற்றவை 10 இருந்தால் 10, இப்படியே போகும். 45, 30, 12, 6, 5, 3 மேற்கோள் பெற்ற 6 கட்டுரைகளுக்கு 5. அந்த 45, 900 ஆனாலும் அதே 5தான்.

சுயமேற்கோளைக் கழிக்க: ஸ்கோபஸில் வசதி உண்டு, ஸ்காலரில் இல்லை.

பதவி உயர்வு, நிதிநல்கை விண்ணப்பத்துக்கு ஸ்கோபஸ். முன்பதிப்பு அதிகம் வெளியிடும் இளம் ஆய்வாளருக்கு ஸ்காலர்.