விக்ரமாதித்யா: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

ஐஎன்எஸ் விக்ரமாதித்யா, ரஷ்யாவிடமிருந்து இந்தியக் கடற்படை வாங்கிய பழைய போர்க்கப்பல். கப்பல் இனாம். செலவெல்லாம் சீரமைப்பில்தான். 1987ல் ‘பாக்கூ’ என்ற பெயரில் சோவியத் கடற்படையில் சேர்ந்து, ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ ஆகி, 1996ல் ஓரங்கட்டப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் இது. 2004 ஒப்பந்தத்தில் சீரமைப்புக்கு 97.4 கோடி டாலர் என்றார்கள். 2010ல் அதுவே 235 கோடி டாலராகிவிட்டது.

காரணம், உள்ளே என்ன இருக்கிறது என்று முழுசாகப் பிரித்துப் பார்க்காமல் போட்ட எஸ்டிமேட். சுமார் 2,500 அறைகளில் 1,750 அறைகளைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. கேபிள் மட்டும் 2,300 கிலோமீட்டர். தவிர, இது செங்குத்தாக எழும்பும் யாக்-38 போர் விமானத்துக்காகக் கட்டிய கப்பல். இந்தியாவின் மிக்-29கே போர் விமானம் ஓடி எழும்ப, முன்தளத்து ஏவுகணைக் குழாய்களை அறுத்தெடுத்து 14.3 டிகிரி சாய்தளம் வைத்தார்கள்; இறங்கும்போது கொக்கி மாட்டி நிறுத்த மூன்று இரும்புக் கயிறுகளும் சேர்ந்தன. இதற்குப் பேர் ரிப்பேர் இல்லை, பாதிக் கப்பல் கட்டுவது.

பெரிய சொதப்பல், கப்பலை ஓட்டும் நீராவியைத் தருகிற கொதிகலனில். மொத்தம் எட்டு, ஒவ்வொன்றும் 64 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 64 மடங்கு) அழுத்தத்தில் மணிக்கு 100 டன் நீராவி தரும். அவற்றின் வெப்பக் காப்புக்குக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வேண்டாம் என்றது இந்தியா. உடல்நலத்தை நினைத்தால் நியாயமான நிபந்தனைதான். அதற்குப் பதிலாக, சீரமைப்பு நடந்த ரஷ்யாவின் செவ்மாஷ் கப்பல் கட்டும் தளத்தில் பதித்த தீச்செங்கல் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. குறைந்த வேகத்தில் ஒன்றும் தெரியாது. 2012 சோதனை ஓட்டத்தில் முழு வேகம் கொடுத்ததும் செங்கல் காப்பு கெட்டு, ஏழு கொதிகலன்கள் படுத்துவிட்டன. காப்புப் பொருளை மாற்றினால் முழு வேக ஓட்டத்தை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஓராண்டு தாமதம். 2013 நவம்பர் 16ல்தான் கடற்படையில் சேர்ந்தது.

சேர்ந்த பின் கப்பலில் வசதிக்குக் குறைவில்லை. 1,600 பேருக்கு நாளொன்றுக்கு 400 டன் நன்னீர் கப்பலிலேயே தயாராகிறது. விமானங்கள்தான் இழுபறி: மிக்-29கேக்களுக்கு வாங்கிய 65 என்ஜின்களில் 40ஐக் குறைபாட்டால் கழற்ற நேர்ந்தது என்று 2016ல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை சொன்னது.

இன்னொன்று: வான்தாக்குதலைத் தடுக்க ஏவுகணையே இல்லாமல்தான் 44,500 டன் கப்பல் கர்நாடகத்தின் கார்வார் கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு மாட்டிய பராக்-1 என்ற இஸ்ரேலிய ஏவுகணை அமைப்பு, ஓய்வுபெற்ற ஐஎன்எஸ் கோதாவரி போர்க்கப்பலிலிருந்து கழற்றியது. அதுவும் செகண்ட் ஹேண்ட்தான்.