இடுப்பில் ஐந்து வருடம்: துப்பாக்கியைவிட உறைதான் படுத்தியது

துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் கிடைத்ததும் எல்லாரையும் போல எந்தத் துப்பாக்கி என்றுதான் மண்டையைக் குடைந்துகொண்டேன். உறை, பெல்ட் எல்லாம் கடைசி நிமிடத்தில் கையில் கிடைத்ததை வாங்கினேன். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்.

முதலில் க்ளாக் 19 பிஸ்டல். மேகசினில் 15 தோட்டா, நிறைவான பிடி, குறி தப்பாது. ஆனால் சட்டைக்குள் பிடியின் முனை முட்டிக்கொண்டு நின்றது. காட்டிக்கொடுப்பது குழல் அல்ல, பிடிதான்; குழல் எப்படியும் கால்சட்டைக்குள் போய்விடுகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து அது வீட்டு லாக்கரை விட்டு வெளியே வரவில்லை.

அப்புறம் ஐந்து தோட்டா ரிவால்வர். பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. ஆனால் எடை குறையக் குறைய உதை கூடும். முப்பது ரவுண்டு சுட்டால் உள்ளங்கை எரியும். பயிற்சிக்குப் போகவே சாக்கு தேட ஆரம்பித்தேன். அதை விற்றுவிட்டேன்.

இப்போது இருப்பது சிக் பி365 என்ற சின்ன பிஸ்டல். 2018-ல் வந்த மாடல். மேகசினில் 10 தோட்டா, காலி மேகசினோடு சுமார் அரைக் கிலோ. நான்கு வருடமாக இதுதான், புகார் இல்லை.

புகாரெல்லாம் உறை மேல்தான். முதலில் வாங்கியது மலிவான துணி உறை. துப்பாக்கியை எடுத்ததும் வாய் சுருங்கிவிடும். ஒரு நாள் திரும்பச் செருகும்போது லேசாக ஏதோ தடுத்தது. தள்ளாமல் நிறுத்தி, வெளியே எடுத்துக் குனிந்து பார்த்தேன். பனியனின் ஓரம் மடிந்து, விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்துக்குள் நுழைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் தொடையில் வெடித்திருக்கும். உட்கார்ந்தேன், எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆனது.

அன்றிலிருந்து விசையை முழுதாக மூடும் கெட்டியான கைடெக்ஸ் (ஒரு வகை பிளாஸ்டிக்) உறை மட்டும்தான். சட்டையை ஒதுக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாகத்தான் செருகுவேன். எடுப்பதில் அவசரம் இருக்கலாம், திரும்ப வைப்பதில் என்ன அவசரம்? வீட்டுக்கு வந்தால் உறையோடு சேர்த்தே கழற்றி லாக்கரில் வைக்கிறேன்.

பெல்ட்டும் அப்படித்தான். சாதாரணத் தோல் பெல்ட் ஒரு மணி நேரத்தில் தொங்கி, துப்பாக்கி வெளிப்பக்கம் சாயும். விறைப்பான பெல்ட்டும், பிடியை உடம்போடு அழுத்தும் சின்னக் கொக்கி ஒன்றும் போட்டேன். பிரச்சினை பாதி அங்கேயே தீர்ந்தது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கடங்கள் உண்டு. வியர்வையில் திருகாணிகளில் துரு பிடிக்கும், உள்ளே பனியன் பஞ்சு சேரும்; வாரம் ஒரு துடைப்பு போடுங்கள். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பக் குழலின் பின்முனை அறையில் ஏற்றி இறக்காதீர்கள்: தோட்டாவின் முனையிலுள்ள குண்டு அதன் கூட்டுக்குள் அமுங்கிவிட்டால் சுடும்போது அழுத்தம் எகிறும். பொதுக் கழிவறையைப் பற்றி, சரி, விடுங்கள்.

இடுப்பில் அது இருக்கும்போது மது தொடுவதில்லை. யாராவது பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் திட்டினால்கூட வழிவிட்டுப் போய்விடுகிறேன். முன்பெல்லாம் கண்ணாடியை இறக்கிப் பதிலுக்குக் கத்துவேன். வாய்ச்சண்டை முற்றினால் அந்த இடத்தில் ஒரு துப்பாக்கியும் இருக்கிறதே.

ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட அதை எடுக்க நேரவில்லை. டிராயரில் தேறாத உறைகள் ஏழு கிடக்கின்றன. அந்தத் துணி உறையை மட்டும், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாதென்று கத்திரியால் வெட்டிக் குப்பையில் போட்டேன்.