எம்.பி.க்களுக்கு சைபர் சட்டப் பாடம்: வகுப்பா, நாலு பக்கக் குறிப்பா, கூடவே ஓர் ஆளா?

2008 டிசம்பரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தம் பெரிய விவாதம் ஏதுமின்றி நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதோடு நுழைந்ததுதான், பிறருக்கு எரிச்சலூட்டும் செய்திகளை இணையத்தில் அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவு. ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ போன்ற சொற்களுக்கு அதில் வரையறையே கிடையாது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2015 மார்ச் 24 அன்று. இந்த மாதிரி ஓட்டையை மசோதாவாக இருக்கும்போதே பிடிக்க உறுப்பினர்களைத் தயார் செய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது பயிற்சி வகுப்பு. நாடாளுமன்றத்தின் பிரைட் நிறுவனம் (1976இல் ஆய்வு, பயிற்சிப் பிரிவாகத் தொடங்கியது) எம்.பி.க்களுக்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும் இத்தகைய வகுப்புகளை நடத்துகிறது. செலவு குறைவு, எல்லாக் கட்சியினரும் ஒரே அறையில் உட்காருவார்கள். ஆனால் பதவியேற்ற புதிதில் கேட்ட பாடம், மூன்றாம் ஆண்டு மசோதா வரும்போது மனதில் நிற்பதில்லை. இன்னொரு கோளாறு, சைபர் வகுப்பு என்றாலே பேச்சு பாஸ்வேர்டு, ஓடிபி மோசடி என்று திரும்பிவிடும். அதுவும் தேவைதான், எம்.பி.யின் மின்னஞ்சல் களவுபோனால் சிக்கல் பெரிது. ஆனால் அதைக் கற்றவருக்குச் சட்டப்பிரிவைப் படிக்க வந்துவிடாது.

வகுப்பு உருப்பட வேண்டுமானால் ஒரே ஒரு பிரிவை எடுத்து, பதினைந்து இருபது பேரோடு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதைப் பற்றிய 43ஆம் பிரிவு அதற்குத் தோதானது. நகராட்சி வரித் தளத்தின் முகவரியில் ஓர் எண்ணை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் ரசீது தெரிகிறது என்று ஒரு மாணவி கண்டுபிடித்து அலுவலகத்துக்குச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 66ஆம் பிரிவின்படி தண்டிக்க நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கம் வேண்டும், அவரிடம் அது இல்லை. 43 நோக்கத்தைக் கேட்பதில்லை. உரிமையாளரின் அனுமதியின்றி நுழைந்தாலே இழப்பீடு கோரலாம். இந்த மாணவியைக் காக்க ஒரு வரி விதிவிலக்கை உறுப்பினர்களையே எழுதச் சொல்லுங்கள். அடுத்து, அதே வரியைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கும் திருடனுக்காக ஒருவரை வாதாடச் சொல்லுங்கள். இரண்டு சுற்று போனால், எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், பார்த்த தரவை வைத்துக்கொள்ளலாமா, எதைத் தொடவே கூடாது என்ற நிபந்தனைகளெல்லாம் அவர்கள் வாயாலேயே வந்துவிடும்.

இரண்டாவது, நிரந்தர அலுவலகம். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் அறிவியல், தொழில்நுட்ப அலுவலகமான போஸ்ட் 1989இல் தொடங்கியது. வெளி வல்லுநர்கள் சரிபார்த்த நாலு பக்கக் குறிப்புதான் அதன் அடையாளம். எப்படி வாக்களிப்பது என்று அது சொல்லாது, அதனாலேயே எல்லாக் கட்சிகளும் நம்புகின்றன. அமெரிக்க காங்கிரஸ் 1972இல் உருவாக்கிய தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் சுமார் 750 அறிக்கைகளை எழுதியது. 1995இல் புதிய பெரும்பான்மை நிதியை நிறுத்த, கதவு சாத்தப்பட்டது. மசோதாவின் வேகத்துக்கு அறிக்கைகள் வருவதில்லை என்ற குறை அதன்மேல் முன்பே இருந்தது. நீளமாக எழுதும் அலுவலகத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

மூன்றாவது, உறுப்பினர் பக்கத்திலேயே ஓர் ஆள். டெல்லியில் பி.ஆர்.எஸ். என்ற சட்டமியற்றல் ஆய்வு அமைப்பு நடத்தும் லாம்ப் திட்டத்தில் ஓர் இளைஞர் ஏறத்தாழ பதினோரு மாதம் ஒரு எம்.பி.யோடு வேலை செய்கிறார். அமெரிக்காவில் டெக்காங்கிரஸ் தொழில்நுட்பம் தெரிந்தவர்களை காங்கிரஸ் அலுவலகங்களுக்கு அனுப்புகிறது. பிரிவைக் கூர்ந்து படிப்பதும் திருத்தத்தின் முதல் வரைவை எழுதுவதும் பெரும்பாலும் உதவியாளர்தான் என்பதால், பயிற்சிப் பணம் வீணாகாத இடம் இதுவே. ஆண்டு முடிந்தால் ஆளும் போய்விடுவார், அறிவும் போய்விடும். மசோதாவுக்கு ஒரு பக்கம் வீதம் பிரிவு எண், சந்தேகம், யாரைக் கேட்டது, வந்த பதில், திருத்தச் சொற்கள் என்று கோப்பு வைத்தால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

எது மேல் என்பதை மசோதாவின் கால அளவுதான் தீர்மானிக்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா 2023 ஆகஸ்ட் 3 அன்று அறிமுகமாகி, 7ஆம் தேதி மக்களவையையும் 9ஆம் தேதி மாநிலங்களவையையும் தாண்டியது. அந்த ஒரு வாரத்தில் கூட இருக்கும் ஆள் மட்டுமே பயன்படுவார். இதற்கு முந்தைய 2019 மசோதாவைக் கூட்டுக்குழு இரண்டு ஆண்டு அலசியது. அங்கே நல்ல குறிப்புகளுக்குத்தான் மதிப்பு.

மாநிலச் சட்டமன்றங்களுக்கு என் தேர்வு குறிப்புதான். தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த சட்டம் நின்றது, ஆனால் ரம்மி, போக்கர் மீதான தடை 2023 நவம்பரில் விழுந்தது. திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்பதே இரண்டு முறையும் வழக்கின் மையம். திரைக்குப் பின்னால் சீட்டு எப்படிக் கலைகிறது, எதிரே ஆடுவது மனிதரா மென்பொருளா என்பதைச் சோதிக்க முடியுமா என்று நாலு பக்கத்தில் விளக்கும் குறிப்பு அவையில் எல்லோர் கையிலும் இருந்திருக்க வேண்டும். செயலகத்தில் இரண்டு ஆய்வாளர்கள், சரிபார்க்க இரண்டு பேராசிரியர்கள், பத்து நாள் கெடு என்றால் இது முடிகிற காரியம். விளையாட்டு நிறுவனப் பொறியாளர்களைக் குழுவின் முன் சாட்சியாக அழைக்கலாம். பாடம் நடத்த மட்டும் அவர்களை அழைக்கக் கூடாது, இலவசமாக வந்தாலும்.