லீவோஃப்ளாக்சசின் 500: தொற்றுக்கு நல்ல மாத்திரை, சுகர் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் உஷார்

நுரையீரல் தொற்றுக்காக அம்மாவுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை இது. கம்பெனிப் பெயர் வேண்டாம். யார் தயாரித்தாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்துதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கணக்கும் இல்லை. காய்ச்சல் மளமளவென்று இறங்கியது, அம்மா எழுந்து உட்கார்ந்தார். மாத்திரைதான் நீளம், தொண்டையில் சிக்காமல் இருக்க நிறையத் தண்ணீர் வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

தொல்லை வேறு வழியில் வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், அதற்குக் கிளிமெபிரைடு மாத்திரை போடுகிறார். ஒரு சாயங்காலம் திடீரென்று, “சமையல்கட்டுல யாருடா நிக்கிறது? உள்ள வரச் சொல்லு” என்றார். அங்கே யாரும் இல்லை. டிவி ரிமோட்டைத் தலையணை உறைக்குள் திணித்தார். எடுக்கப் போன அக்காவுக்கு ஒரே அதட்டல். “வயசாகுதுல்ல, காய்ச்சல் வேற” என்றாள் அக்கா. எனக்கு உறுத்தியது வியர்வைதான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அம்மாவின் பின்கழுத்தும் ரவிக்கையும் நனைந்திருந்தன. கை நடுங்கவே இல்லை. பிரஷருக்கு அவர் போடும் அட்டெனொலால் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மட்டும் மறைக்காது. குளுக்கோமீட்டர் 48 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே லோ சுகர்.

விழுங்கும் தெளிவு இருந்ததால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 83. அப்புறம் மருத்துவருக்குப் போன் போட்டதும் அவர் ஆன்டிபயாடிக்கை மாற்றினார், கிளிமெபிரைடையும் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னார். சர்க்கரை ஏறியதும் பேச்சு தெளிந்துவிட்டது. ஆனால் தூக்கமின்மையும் எரிச்சலும் உடனே போகவில்லை, மெதுவாகத்தான் அடங்கின.

லோ சுகர், மூளைக் குழப்பம் இரண்டுமே மருந்துத் தாளில் இருக்கின்றன. இந்த மருந்து கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களில் உள்ள பொட்டாசியம் வாயிலை அடைக்கக்கூடியது. கிளிமெபிரைடும் அதே வாயிலைத்தான் அடைக்கிறது. அது அடைபட்டால் இன்சுலின் வெளியே வரும்; இரண்டும் சேர்ந்தால் சாப்பிடாத நேரத்திலும் இன்சுலின் கொட்டும். மூளை விஷயம் தனி: கவனச்சிதறல், குழப்பம், பதற்றம், ஞாபக மறதி, இல்லாததைப் பார்ப்பது எல்லாம் சர்க்கரை சரியாக இருக்கும்போதும் வரலாம், முதல் மாத்திரையிலேயே கூட. புரூஃபன் மாதிரி வலி மாத்திரை சேர்ந்தால் வலிப்பு அபாயம் கூடும் என்றும் எழுதியிருக்கிறது.

2018 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த மருந்துக் குடும்பம் முழுவதற்கும் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. சுமார் 30 வருடப் பதிவுகளில் லோ சுகரால் கோமாவுக்குப் போனவர்கள் 67 பேர், அதில் 13 பேர் இறந்துவிட்டார்கள். 44 பேர் எடுத்தது லீவோஃப்ளாக்சசின். கோடிக்கணக்கானவர்கள் போட்ட மருந்தில் இது அபூர்வம்தான், பயந்துபோய் பாதியில் தூக்கிப்போட வேண்டாம். ஆனால் பதிவாவது நடந்ததில் ஒரு பகுதிதான். இதே குடும்பத்து கேட்டிஃப்ளாக்சசின் மாத்திரை சர்க்கரையை மேலும் கீழும் ஆட்டியே 2006-ல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது.

வேறு ஆன்டிபயாடிக் என்றால் கவலையில்லை என்றும் இல்லை. கிளாரித்ரோமைசினும் கோட்ரைமாக்சசோலும் கிளிமெபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது லோ சுகர் கொண்டுவரலாம்.

என் குறை தாளின் மேல்தான். சர்க்கரை பற்றிய வரி, பூதக்கண்ணாடி கேட்கிற எழுத்தில் பின்பக்கம் கிடக்கிறது. சிறுநீரகம் மந்தமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதும் அங்கேதான். வீட்டில் சுகர் மாத்திரை போடும் பெரியவர் இருந்தால், இது எழுதும்போதே மருத்துவரிடம் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள், குளுக்கோமீட்டர் பட்டை கைவசம் இருக்கட்டும்.

ஐந்துக்கு மூன்று. சுகர் இல்லாத, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற ஒருவர் நான்கரை கொடுத்தால் அவரோடு சண்டைக்குப் போக மாட்டேன்.